கொல்லைக்கீரை முதல் கைவைத்தியம் வரை: கடலூர்ப் பக்கம் காட்டுச்செடி பறிக்கப் பழகுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் என்று எந்தப் பக்கம் போனாலும், நல்லதாக ஒரு மழை பெய்து பத்து நாள் கழித்துக் கொல்லைக்குள், அதாவது ஊர்ப்புறத்து மானாவாரி நிலத்துக்குள், இறங்கினால் காலடியெல்லாம் கீரைதான். யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் பாய்ச்சியதில்லை. மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) களையெடுக்க வரும் பெண்கள் அதைக் கொத்தி எறியும்போதே இளசாகப் பார்த்து மடியில் கட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் அது கலவைக்கீரையாகச் சட்டியில் கடைபடும். பல வீடுகளில் இந்தப் பழக்கம் பாட்டி காலத்தோடு நின்றுபோய்விட்டது. திரும்பப் பழக நினைப்பவர்கள் எங்கே தொடங்கி எப்படிப் போகலாம் என்று முழுதாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டுச்செடி என்றதும் பெரும்பாலானவர்கள் மருந்தைத்தான் தேடி வருகிறார்கள். சர்க்கரைக்கு எது, கல்லுக்கு எது, மூட்டு வலிக்கு எது என்றுதான் முதல் கேள்வியே வரும். நான் சொல்வது அதற்குத் தலைகீழ். ஒரு வருஷம் கீரையாக மட்டும் பழகுங்கள், கைவைத்தியம் அப்புறம். கீரையாகச் சமைக்கும்போது அளவு தானாகவே கட்டுக்குள் இருக்கும், செடியும் கண்ணுக்கும் கைக்கும் நன்றாகப் பழகிவிடும். மருந்தாக எடுப்பதென்றால் செடி தெரிந்தால் மட்டும் போதாது. நோய் என்னவென்று தெரிய வேண்டும், எவ்வளவு என்று தெரிய வேண்டும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு அது ஒத்துப்போகுமா என்றும் தெரிய வேண்டும்.

முதல் படி: சொல்லித்தர ஆளைத் தேடுங்கள்

செல்போனில் படம் பார்த்துக் கீரை பறிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. படத்தில் மணம் வராது, கிள்ளினால் பால் வருமா என்று தெரியாது, தண்டு உள்ளே கூடாக இருக்கிறதா என்றும் தெரியாது. படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் ஒரு ஊகத்தைத்தான் சொல்கின்றன. அதை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள்.

ஆடி, ஆவணியில் மானாவாரி மல்லாட்டைக் கொல்லைகளில் களையெடுப்பு நடக்கும். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரப்பில் போய் நில்லுங்கள். "என்னக்கா பறிக்கிறீங்க?" என்று கேட்டால் போதும். "பண்ணைக்கீரப்பா. கதிரு உட்டுட்டா முத்திப்போச்சுன்னு அர்த்தம், நுனிய மட்டும் கிள்ளு" என்று கையில் கொடுத்தே சொல்வார்கள். சாப்பாட்டு இடைவேளையில் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கக் கூட நடந்து காட்டச் சொன்னால் அன்றைய கூலியைக் கட்டாயம் கொடுங்கள். அவர்கள் தருவது வருஷக்கணக்கில் சேர்ந்த படிப்பு, அதற்கு மதிப்பு உண்டு.

கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். செடியைப் பூவோடும் காயோடும் கிள்ளி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் ஒரு வாரத்தில் தட்டையாகக் காய்ந்துவிடும். பக்கத்திலேயே இடம், தேதி, அந்த ஊரில் சொல்லும் பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஒரே பெயரை அடுத்த ஊரில் வேறு செடிக்குச் சொல்வது சாதாரணம், அதனால் பெயரை மட்டும் நம்ப முடியாது. சந்தேகம் வந்தால் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரிடம் போகலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பெரிய உலர்தாவரத் தொகுப்பையே பராமரிக்கிறது. இலை மட்டும் உள்ள மாதிரியை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, பூவோ காயோ இருக்க வேண்டும்.

எனக்கு இதில் விதி ஒன்றுதான்: இளஞ்செடி, பூ, காய் மூன்றையும் கண்ணால் பார்க்காத செடி சட்டிக்குப் போகக்கூடாது.

இரண்டாம் படி: இடம்

செடி சரியாக இருந்தாலும் மண் கெட்டிருந்தால் கீரை கெட்டதுதான். பொன்னாங்கண்ணி போன்ற நீர்க்கரைக் கீரைகள் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உலோகங்களை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிய நிலம், உப்பனாற்றங்கரை, நகருக்குள் சாக்கடை கலக்கும் கெடிலத்தின் கரை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம், குப்பைமேடு, சுடுகாட்டு ஓரம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ரயில் பாதை ஓரத்திலும் வேண்டாம், அங்கே களைக்கொல்லி அடிப்பது உண்டு.

கொல்லைகளிலும் இப்போது களைக்கொல்லி வந்துவிட்டது. "இந்தப் போகத்துக்கு மருந்து அடிச்சீங்களா?" என்று நிலத்துக்காரரிடம் கேட்காமல் பறிக்காதீர்கள். இலை ஓரம் மஞ்சளித்து, நுனி சுருண்டு, ஒரே சீராக வாடிக் கிடந்தால் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து அடிப்பார்கள். தை, மாசி, பங்குனியில் தோப்புக்குள் முளைத்ததைத் தொட வேண்டாம்.

வனத்துறையின் காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் பறிப்பது குற்றம். பிச்சாவரம் அலையாத்திக் காடும், ஊசுடு ஏரிப் பறவைகள் சரணாலயமும் அப்படியே. திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள ஔஷதகிரியை, அனுமன் தூக்கிப்போன மூலிகை மலையிலிருந்து விழுந்த துண்டு என்று தலபுராணம் சொல்கிறது. அந்த மலையிலும் ஊர்க் கோயில் காடுகளிலும் செடியைப் பார்த்துப் பழகுங்கள், பறிக்க வேண்டாம்.

மிச்சம் என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. சொந்தக் கொல்லை, தெரிந்தவர் நிலம், வீட்டு வேலி, தோட்டத்து மூலை. புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே தாராளம்.

மூன்றாம் படி: காலம்

ஆடிச் சாரல் விழுந்ததிலிருந்து புரட்டாசி வரை செம்மண் கொல்லைக் கீரைகளுக்கு நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடிகள் ஏறும்: முடக்கத்தான், தூதுவளை, கோவை. மார்கழி, தை மாதங்களில் காய்களைப் பார்க்கலாம், விதை சேர்க்கலாம். சித்திரை, வைகாசியில் வேலிப் பிரண்டையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

வெள்ளம் வந்த வருஷம் கூடுதல் கவனம் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் என்ன ஆனது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி வெள்ளம் ஏறி வடிந்த இடத்தில், முங்கிக் கிடந்த இலை எதையும் எடுக்காதீர்கள். வடிந்தபின் புதிதாகத் துளிர்ப்பதைத்தான் பறிக்கலாம். காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் இறங்கவும் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

வெயில் ஏறியபின் போங்கள். மூடிய செருப்பும் ஒரு கம்பும் வேண்டும். வரப்புப் புல்லில் விரியன் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள்.

நான்காம் படி: முதலில் பழக வேண்டிய ஐந்து

பண்ணைக்கீரை. மல்லாட்டைக் கொல்லையில் இதற்குத்தான் முதலிடம். நேராக வளரும், இலை ஈட்டி முனை போல நீளமாக இருக்கும், பூக்கதிர் நுனியில் ரோஜா நிறமும் கீழே வெள்ளி நிறமுமாக நிற்கும். கதிர் வந்தபின் தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் இதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்வது கடினம். கதிர் விட்ட செடியைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே கதிர் விடாமல் நிற்கும் இளஞ்செடியைக் கிள்ளுங்கள்.

குப்பைக்கீரை. நாம் கடையில் வாங்கும் தண்டுக்கீரையின் இனம். இலை நுனியில் லேசாக ஒரு பிளவு இருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதுவும் உண்ணத்தக்கதுதான், ஆய்வதுதான் சிரமம்.

பருப்புக்கீரை. தரையோடு படரும் சிவந்த வழவழத் தண்டு, சின்னக் கரண்டி வடிவில் சதைப்பற்றான இலை, காலை வெயிலில் விரியும் மஞ்சள் பூ. உடைத்தால் தெளிந்த நீர்தான் வரும். பால் வந்தால் அது வேறு செடி, எறிந்துவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: வறட்சியில் நிற்கும் செடியைக் காலையில் கிள்ளினால் நல்ல புளிப்பாகவும், அதே செடியைச் சாயங்காலம் கிள்ளினால் புளிப்புக் குறைந்தும் இருக்கும். இரவில் இலைக்குள் சேரும் அமிலத்தைச் செடி பகலில் செலவழித்துவிடுகிறது. கடையலுக்குப் புளி போட விரும்பாதவர்கள் காலையில் பறிக்கலாம். ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு வேண்டாம்.

மூக்கிரட்டை. இதன் கூடவே சாரணையும் முளைக்கும், இரண்டும் தரையில்தான் படரும், இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் இருக்கும். மூக்கிரட்டையின் இலையைத் திருப்பினால் அடி வெளுத்திருக்கும், பூக்கள் நீளமான மெல்லிய காம்பில் கடுகளவில் ஊதா கலந்த சிவப்பாக நிற்கும், காய் விரலில் ஒட்டும். சாரணையின் பூ இலைக்கணுவுக்குள் பதுங்கி இருக்கும். முற்றிய சாரணை வயிற்றைப் போக்கும். இரண்டையும் பிரித்துக்காட்டும்வரை மூக்கிரட்டை பறிக்காதீர்கள்.

முடக்கத்தான். வேலியில் ஏறும் மெல்லிய கொடி. காய் மூன்று பட்டையாகக் காற்று நிரம்பிய காகிதப்பை போல் தொங்கும், கையில் வைத்து அழுத்தினால் 'பட்'டென்று வெடிக்கும். உள்ளே மிளகளவு கறுப்பு விதை, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக இதய வடிவப் பொட்டு. இந்தப் பொட்டைப் பார்த்தபின் சந்தேகமே வராது.

ஐந்தாம் படி: ஆளை ஏமாற்றும் செடிகள்

ஐந்தும் கைவந்தபின் அடுத்ததற்குப் போகலாம். இங்கேதான் தவறு நடக்கும்.

மணத்தக்காளியின் இளஞ்செடியும் ஊமத்தையின் இளஞ்செடியும் பூக்கும் முன் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஊமத்தை இலையைக் கசக்கினால் ஒரு நாற்றம் வரும், ஆனால் மூக்கை மட்டும் நம்பிச் சமைக்க முடியாது. சின்ன வெள்ளைப் பூங்கொத்தும், பட்டாணியைவிடச் சிறிய காய்க்கொத்தும் பார்த்தபிறகே மணத்தக்காளி என்று முடிவு செய்யுங்கள். பச்சைக் காயைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், வற்றல் போடலாம்.

கரிசலாங்கண்ணிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தண்டைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்துவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள், பச்சைச் சாறு கறுத்துவரும். பூ வெள்ளை. மஞ்சள் பூ கரிசலாங்கண்ணி என்று விற்கும் பலதும், பூங்காக்களில் தரைமூடியாக வளர்க்கும் வெளிநாட்டுக் கொடிதான். அதன் இலை பளபளப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை பிரியாமல் நீளமாக இருக்கும்.

வல்லாரையின் காம்பு இலையின் பிளவில் வந்து சேரும். காம்பு இலையின் நடுவில் குத்திக்கொண்டு நின்றால் அது தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் செடி. பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ கணுவோடு ஒட்டியே இருக்கும். பூ தனிக்காம்பில் உயர்ந்து, தண்டு உள்ளே கூடாக இருந்தால் அது ஏரிகளில் பரவியிருக்கும் ஆக்கிரமிப்புக் களை.

ஆறாம் படி: கிட்டவே போகக்கூடாதவை

உண்ணும் கீரையைப் படிக்கும் முன்பே இவற்றைக் கண்ணால் பார்த்துப் பழகிவிடுங்கள். ஒடுவந்தழை வறண்ட புதர்க்காடுகளில் வளரும் சிறுமரம். அதன் இலை இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும், அதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கு முதல் விதை வரை கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு. இதனால்தான் புதியவர்கள் காட்டுக் கிழங்கு எதையும் தோண்டவே வேண்டாம் என்கிறேன். காளானும் அப்படியே. அரளி, குன்றிமணி, ஊமத்தை எல்லோருக்கும் தெரிந்தவை. காட்டாமணக்கு விதை கடலைபோல ருசிக்கும் என்பதால் குழந்தைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வாய்க்கால் ஓரம் ஊதாப்பூ பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை ஆடுகள் தின்றாலே நோய்ப்படும்.

ஆடுதீண்டாப்பாளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டு வைத்தியத்தில் பெயர்பெற்ற செடி. இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். யார் சொன்னாலும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

பிச்சாவரம் பக்கம் போனால் தில்லை மரத்தின் கிளையை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். தவறி ஏதாவது வயிற்றுக்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், செடியின் மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

ஏழாம் படி: பறிப்பதும் ஆய்வதும்

வேரோடு பிடுங்காதீர்கள். மேல் நாலு விரற்கடை நுனியைக் கிள்ளினால் ஒரு வாரத்தில் பக்கத்தில் துளிர்க்கும். ஓரிடத்தில் மூன்று செடி இருந்தால் ஒன்றில் மட்டும் கை வையுங்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனித் துணிப்பையில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால் வீட்டில் வந்து பிரிக்க முடியாது, தவறி வந்த ஒரு தழையும் கலந்துவிடும்.

வீட்டில் முறத்தில் கொட்டி, ஒவ்வொரு கொத்தாக மீண்டும் பார்த்து ஆயுங்கள். எது என்று உடனே சொல்ல முடியாத தழையை யோசிக்காமல் எறியுங்கள். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினால் மணல் அடியில் தங்கும். நீர்க்கரையில் பறித்ததைப் பச்சையாகத் தின்ன வேண்டாம்.

புதுக் கீரையை முதல்முறை சமைக்கும்போது அதை மட்டும் தனியாக, இரண்டு கரண்டி அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வரை பாருங்கள். அடையாளம் உறுதியானபின் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான் இது. அடையாளம் கண்டுபிடிக்க ருசி பார்ப்பது ஆபத்து.

எட்டாம் படி: அடுப்படி

கலவைக்கீரைக் கடையலுக்குப் பண்ணைக்கீரை இரண்டு கைப்பிடி, குப்பைக்கீரை ஒன்று, பருப்புக்கீரை ஒன்று, மூக்கிரட்டை கொஞ்சம். கால் கப் துவரம்பருப்பை முக்கால் வேக்காடு வேகவைத்து, அதில் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், பச்சைமிளகாய் மூன்று, ஒரு தக்காளி போட்டுக் கீரையைச் சேருங்கள். மூடாமல் வேகவிட்டால் நிறம் மாறாது. எட்டுப் பத்து நிமிஷத்தில் தண்டு நசுங்கும். உப்புப் போட்டு, மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். மிக்சியில் அடித்தால் கூழாகிவிடும், ஒவ்வொரு கீரையின் ருசியும் தனித்தனியாக நாக்கில் படாது. தாளிப்புக்கு நம் ஊர் வடகம்தான். மல்லாட்டை எண்ணெயில் வடகத்தை உதிர்த்துப் போட்டு, பொரிந்து மணம் தெரு வரை போகும்போது சட்டியில் கொட்டுங்கள்.

பிரண்டையை அறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உள்ளே ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால்தான் அரிக்கிறது. இளங்கணுவாக எடுத்து, நார் உரித்து, மோரில் அலசி, எண்ணெயில் நிறம் மாறி சுருளும் வரை வதக்குங்கள். வதக்கல் குறைந்தால் தொண்டை அரிக்கும். அதற்குமேல் உளுந்து, மிளகாய், கொஞ்சம் தாராளமாகப் புளி சேர்த்து அரைத்தால் துவையல்.

முடக்கத்தானை ஒரு கைப்பிடி பச்சையாக அரைத்துத் தோசை மாவில் கலக்கலாம். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் கிடைக்கும் உமிரிக்கீரையை வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பே போடாமல் பருப்போடு சமையுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கீரை அளவைக் கூட்டும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஒன்பதாம் படி: கைவைத்தியம், அதன் எல்லையோடு

சளிக்கு நொச்சி ஆவி எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம். இரண்டு கைப்பிடி இலை, ஒரு சிட்டிகை மஞ்சள், கொதித்த தண்ணீர். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் உறுதியாக வைத்தபின் பிடியுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், வெந்துபோன கதைகள் நிறைய.

தூதுவளை இலையின் முதுகு நரம்பில்கூட வளைந்த முள் இருக்கும், கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள். நெய்யில் வதக்கி ரசத்தில் அரைத்துவிட்டால் தொண்டைக்கு இதம். சளி இருமலுக்கு ஆடாதோடை பழைய மருந்து. புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தே இதிலுள்ள வாசிசினை அடிப்படையாக வைத்து உருவானதுதான். பெரியவர்கள் இரண்டு இலையைக் கஷாயமாக்கி மூன்று நாள் குடிக்கலாம். கருப்பையைச் சுருங்கவைக்கும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தச் சாற்றிலும் தேன் கலந்து கொடுக்காதீர்கள்.

குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்து அரிப்புக்குப் பற்றுப் போடலாம், முதலில் முழங்கையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு. உள்ளுக்கு வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக்குறை உள்ளவர்களுக்கு இது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அந்தக் குறை தனக்கு இருப்பது பலருக்கும் தெரியாது.

கீழாநெல்லியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கண் மஞ்சளானால் ரத்தப் பரிசோதனைக்கு முன் கீழாநெல்லியை அரைக்கிறார்கள். மஞ்சள் காமாலைக்குக் காரணம் கல்லீரல் அழற்சியாக இருக்கலாம், பித்தக்கல்லாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலிக்காய்ச்சலுக்குச் சரியான நேரத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் உயிர் பிழைக்கும், ஒரு வாரம் தாமதித்தால் சிறுநீரகம் போகலாம். முதலில் ஆஸ்பத்திரி. சர்க்கரைக்கு ஆவாரம்பூ குடிப்பவர்களும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கிவிடவும் கூடும், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: உலர்த்தலும் வளர்த்தலும்

நொச்சி, தூதுவளை, ஆவாரம்பூவை நிழலில், காற்றோட்டமாக, வெள்ளைத் துணிமேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், கார்த்திகையில் உலர்த்தினால் பூஞ்சை பிடிக்கும். தைக்குப் பிறகு உலர்த்துவது நல்லது. இலை கையில் நொறுங்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்தில் தீராததை எருக்குழியில் கொட்டிவிடலாம்.

பழகிய செடிகளில் சிலவற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மேல். முடக்கத்தான் விதையைக் காய் பழுப்பானதும் எடுத்து வேலி ஓரம் ஊன்றினால் அடுத்த மழையில் ஏறும். பிரண்டையை இரண்டு கணு உள்ள துண்டாக வெட்டி, வெட்டுவாய் ஒரு நாள் காய்ந்தபின் நடுங்கள், தண்ணீர் அதிகம் வேண்டாம். தூதுவளைப் பழத்தை நசுக்கிச் சாம்பலில் புரட்டிய விதையைத் தொட்டியில் தூவி, ஏறுவதற்கு ஒரு குச்சி ஊன்றிவிடுங்கள். தெருப்பக்கம் வைக்காமல் பின்கட்டில் வைத்தால் முள் யார் மேலும் கிழிக்காது.